லேசர் முடிந்துவிட்டது, பார்வை வந்துவிட்டதா?

குறைமாதத்தில் பிறந்த குழந்தை பல வாரங்கள் இன்குபேட்டரில் இருந்து, எடை கூடி, தாய்ப்பால் குடிக்கப் பழகி வீடு திரும்புவது எந்தக் குடும்பத்துக்கும் பெரும் நிம்மதி. அப்படி வீடு திரும்பும்போது மருத்துவமனை ஒரு தடித்த கோப்பையும் கொடுத்தனுப்புகிறது. அதன் ஏதோ ஒரு பக்கத்தில், "இரு கண்களுக்கும் லேசர் சிகிச்சை அளிக்கப்பட்டது, மறுபரிசோதனைக்கு வரவும்" என்ற ஒரு வரி இருக்கக்கூடும்.

"லேசர் நல்லபடியாக முடிந்தது" என்று மருத்துவர் சொல்கிறார். "அப்படியானால் பிள்ளைக்குப் பார்வை வந்துவிட்டது" என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவர் பேசியது விழித்திரையைப் பற்றி. வீட்டார் விளங்கிக்கொண்டது பார்வையைப் பற்றி. இந்த இரண்டுக்கும் நடுவே பல ஆண்டு வேலை இருக்கிறது என்பது பெரும்பாலும் யாருக்கும் சொல்லப்படுவதில்லை; சொல்லப்பட்டாலும் அந்த நேரத்துக் களைப்பில் காதில் ஏறுவதில்லை. சிகிச்சை பெற்ற குறைமாதக் குழந்தைகளின் பார்வை பின்னாளில் எப்படி இருக்கிறது, அதில் பெற்றோரின் பங்கு எங்கே தொடங்குகிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நோய் எப்படி வருகிறது?

கண்ணின் உட்புறம் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. நாம் காணும் எதுவும் முதலில் இந்தத் திரையில்தான் விழுகிறது. இதற்கு உணவும் ஆக்சிஜனும் கொண்டுவரும் இரத்தக் குழாய்கள், கருவின் ஏறத்தாழ 16 ஆவது வாரத்தில் பார்வை நரம்பு இருக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு, விளிம்பை நோக்கிப் படரத் தொடங்குகின்றன. மூக்குப் பக்க விளிம்பை அவை 36 ஆவது வார அளவிலும், காதுப் பக்க விளிம்பை 40 ஆவது வார அளவிலும் சென்றடைகின்றன. ஆக, பத்து மாதமும் நிறைந்து பிறக்கும் குழந்தைக்கு இந்த வேலை வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

28 வாரத்தில் பிறந்துவிடும் குழந்தைக்கு அது பாதியில் நிற்கிறது. கருப்பைக்குள் ஆக்சிஜன் அளவு குறைவு. வெளியே வந்ததும் அது திடீரென உயர்கிறது. மூச்சுத்திணறலுக்காகக் கொடுக்கப்படும் ஆக்சிஜன் அதை இன்னும் உயர்த்துகிறது. "தேவைக்கு மேல் கிடைக்கிறதே" என்பது போல, படர்ந்துகொண்டிருந்த இரத்தக் குழாய்கள் வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. சில வாரங்களில் விழித்திரை முதிர்ந்து அதன் தேவை கூடுகிறது. குழாய்கள் எட்டாத விளிம்புப் பகுதி ஆக்சிஜனுக்குத் தவித்து, "குழாய்களை அனுப்பு" என்று ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. வி.இ.ஜி.எஃப். என்று மருத்துவர்கள் சுருக்கமாக அழைக்கும் அந்தப் பொருள் அளவுக்கு மீறும்போது, ஒழுங்கற்ற புதிய குழாய்கள் தாறுமாறாக முளைக்கின்றன. அவை இரத்தம் கசியும், தழும்பாகும், கடைசியில் விழித்திரையை இழுத்து அதன் இடத்திலிருந்தே பெயர்த்துவிடும். இதுதான் ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி, சுருக்கமாக ஆர்.ஓ.பி.

இந்நோயை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு நிலைகள் பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடும். மூன்றாம் நிலையில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. நான்காம் நிலையில் விழித்திரை ஓரளவு பெயர்கிறது. ஐந்தாம் நிலையில் முழுவதும் பெயர்ந்துவிடுகிறது. சிகிச்சைக்குப் பலன் மிகுதியாகக் கிடைப்பது மூன்றாம் நிலை வரைதான். நான்கிலும் ஐந்திலும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள் என்றாலும், ஐந்தாம் நிலையை அடைந்த கண்ணுக்கு நல்ல பார்வை கிடைப்பது அரிது.

2010 ஆம் ஆண்டுக்கான ஓர் உலக மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் ஏறத்தாழ 1,84,700 குறைமாதக் குழந்தைகளுக்கு இந்நோய் ஏதேனும் ஒரு நிலையில் இருந்தது. அவர்களில் சுமார் 20,000 பேர் பார்வையை முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ இழந்தார்கள். மேலும் 12,300 பேருக்குப் பார்வைக் குறைபாடு தங்கிவிட்டது.

ஆக்சிஜன் வைத்ததுதான் தவறா?

"ஆக்சிஜன் வைத்தே பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள்" என்ற பேச்சை நாம் கேட்டிருப்போம். இதில் ஒரு பகுதி உண்மை. ஆனால் முழு உண்மை வேறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தியோடர் டெர்ரி என்ற கண் மருத்துவர் 1942 இல் இந்நோயை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1951 இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரக் குழந்தை மருத்துவர் கேட் கேம்ப்பெல், அளவின்றிக் கொடுக்கப்படும் ஆக்சிஜன் காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் அதை உறுதி செய்தன. உடனே எல்லா இடங்களிலும் ஆக்சிஜனைக் கண்டிப்பாகக் குறைத்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது, ஆனால் மூச்சுக் கோளாறால் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது.

இந்த இழுபறி இன்றும் தீரவில்லை. 2010 இல் வெளியான சப்போர்ட் என்ற அமெரிக்க ஆய்வில், இரத்த ஆக்சிஜன் அளவை 85 முதல் 89 சதவீதத்தில் வைத்திருந்த குழந்தைகளையும், 91 முதல் 95 சதவீதத்தில் வைத்திருந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். குறைந்த அளவில் வைக்கப்பட்டு உயிர் பிழைத்தவர்களில் கடுமையான ஆர்.ஓ.பி. 8.6 சதவீதம், கூடுதல் அளவில் வைக்கப்பட்டவர்களில் 17.9 சதவீதம். ஆனால் வீடு திரும்பும் முன் இறந்தவர்கள் குறைந்த அளவுக் குழுவில் 19.9 சதவீதம், கூடுதல் அளவுக் குழுவில் 16.2 சதவீதம். ஆக, உயிரைக் காக்கத் தேவையான ஆக்சிஜனைக் கொடுத்தே ஆக வேண்டும். அதை அளந்து கொடுப்பதும், கொடுத்தபின் கண்ணைத் தவறாமல் பரிசோதிப்பதும்தான் மருத்துவமனையின் கடமை.

முப்பது நாளும் நாற்பது நாளும்

மேலே சொன்ன வளர்ச்சிக் கணக்கிலிருந்து முக்கியமான ஒரு விஷயம் புலப்படும். பிறந்த அன்று இந்தக் குழந்தையின் கண்ணைப் பார்த்தால் நோய் எதுவும் தெரியாது. அது சில வாரங்கள் கழித்தே தலைதூக்குகிறது. வெளியிலிருந்து பார்க்கும் தாய்க்கோ, குழந்தை மருத்துவருக்கோகூட ஒன்றும் தென்படாது. கண் சிவக்காது, நீர் வடியாது. கருவிழியின் நடுவே வெள்ளையாகத் தெரியத் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அதனால் இந்தியாவில் வகுக்கப்பட்ட நெறிமுறை இதுதான்: 2000 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறந்த, அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த 30 நாட்களுக்குள் முதல் கண் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன், அல்லது 1200 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் முன்பாக, 20 நாட்கள் வாக்கிலேயே செய்ய வேண்டும். 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்திருந்தாலும், நீண்ட நாள் ஆக்சிஜன், இரத்தத்தில் கிருமித் தொற்று போன்ற சிக்கல்கள் இருந்திருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை தேவை. அமெரிக்காவில் 1500 கிராம் வரையிலோ, 30 வாரம் வரையிலோ பிறந்த குழந்தைகளையே வழக்கமாகப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் இந்நோய் வருவதால் இங்கே எல்லை அகலமாக வைக்கப்பட்டிருக்கிறது.

இங்கே நம் வீடுகளின் வழக்கம் ஒன்றும் குறுக்கே வருகிறது. குழந்தை பிறந்தால் தாயையும் சேயையும் நாற்பது நாள் வெளியே அழைத்துச் செல்லாமல் வைத்திருப்பது நம்மிடையே பரவலாக உண்டு. கண் பரிசோதனைக்கு வரச்சொல்லிச் சீட்டு கொடுத்திருப்பார்கள். "நாற்பது முடியட்டும், பிறகு போய்க்கொள்ளலாம், பச்சைப் பிள்ளையை இப்போது எங்கே தூக்கிக்கொண்டு அலைவது?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: பரிசோதனை முடிந்திருக்க வேண்டிய முப்பது நாள் அந்த நாற்பதுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சிகிச்சை தேவைப்படும் நிலை கண்டறியப்பட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை தர வேண்டும் என்கிற நோய் இது. பத்து நாள் தாமதம் ஒரு கண்ணின் விதியை மாற்றிவிடும். மருத்துவமனைக்குப் போய்வருவதை இந்த வழக்கத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓட மாட்டோமா?

பரிசோதனைக்கு அழைக்க வேண்டிய பொறுப்பு மருத்துவமனைக்கும் உண்டு என்பதைச் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனை தொடர்பான ஒரு வழக்கு நாடறியச் செய்தது. 1996 இல் அங்கே 29 ஆவது வாரத்தில், 1250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தை இந்நோயால் பார்வை இழந்தது. கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவே இல்லை. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரும்போது அந்தக் குழந்தைக்கு வயது 18. இழப்பீடு கிடைத்தது, பார்வை திரும்பவில்லை.

சிகிச்சை என்ன செய்கிறது?

லேசர் சிகிச்சையில் கோளாறான குழாய்களை நேரடியாகச் சுடுவதில்லை. இரத்தக் குழாய் எட்டாமல் தவித்து, வேதிப்பொருளைச் சுரந்துகொண்டிருக்கும் விளிம்புப் பகுதியைத்தான் சுட்டு அடக்குகிறார்கள். சுரப்பு நின்றதும் புதுக் குழாய்கள் வாடிவிடும். ஓரத்தைக் கொடுத்து நடுப்பகுதியைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. நாம் படிப்பதும் முகங்களை அடையாளம் காண்பதும் விழித்திரையின் நடுப்பகுதியைக் கொண்டுதான். முன்பு இதே வேலையைக் கடுங்குளிரால் உறையவைத்துச் செய்தார்கள். அதற்கு கிரையோ சிகிச்சை என்று பெயர்.

இன்னொரு முறை ஊசி. பெவாசிசுமாப், ரானிபிசுமாப் போன்ற மருந்துகளைக் கண்ணுக்குள் செலுத்தி, வி.இ.ஜி.எஃப். பொருளையே முடக்கிவிடுகிறார்கள். எந்தக் குழந்தைக்கு எது பொருத்தம் என்பதை நோய் விழித்திரையின் எந்த வட்டத்தில் இருக்கிறது, குழந்தையின் உடல்நிலை எப்படி என்பவற்றைப் பார்த்து விழித்திரை நிபுணர் முடிவு செய்வார்.

சிகிச்சை பெற்ற குழந்தைகள் பின்னாளில் எப்படிப் பார்க்கிறார்கள்?

இதற்கான பதிலை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. சிகிச்சை பெற்ற குழந்தைகளைப் பள்ளி வயது வரையிலும் அதற்கு அப்பாலும் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் இருக்கின்றன.

முதலாவது, அமெரிக்காவில் 1986 இல் தொடங்கிய கிரையோ ஆர்.ஓ.பி. ஆய்வு. 1251 கிராமுக்குக் குறைவாகப் பிறந்து கடுமையான நோய் கண்ட 291 குழந்தைகள் இதில் இருந்தார்கள். இரு கண்களிலும் நோய் இருந்தால் ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை அளித்து மறு கண்ணை ஒப்பீட்டுக்காக விட்டிருந்தார்கள். அந்தச் சிகிச்சை பலன் தருமா என்பதே அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத காலம். அவர்களுக்குப் பத்து வயதானபோது பார்த்தார்கள். விழித்திரை சிதைந்திருந்த கண்கள், சிகிச்சை பெற்றவற்றில் 27.2 சதவீதம்; பெறாதவற்றில் 47.9 சதவீதம். சிகிச்சையின் பலன் தெளிவு.

ஆனால் அதே குழந்தைகளைப் பார்வை அட்டையின் முன் நிறுத்தியபோது கிடைத்த எண்கள் வேறு. பார்வை 6/60 அல்லது அதைவிட மோசமாக இருந்த கண்கள், சிகிச்சை பெற்றவற்றில் 44.4 சதவீதம், பெறாதவற்றில் 62.1 சதவீதம். நல்ல கண்ணுள்ளவர் 60 மீட்டர் தொலைவில் நின்று படிக்கும் எழுத்தை 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்பதே 6/60.

27.2, 44.4 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையே உள்ள 17 சதவீதக் கண்களின் கதை என்ன? மருத்துவர் உள்ளே பார்க்கும்போது விழித்திரை அதன் இடத்தில் இருந்தது. ஆனால் குழந்தைக்குப் பார்வை சரியாக இல்லை.

அடுத்து, லேசர் பரவலானபின் நடந்த இ.டி.ராப் ஆய்வு. 2000 முதல் 2002 வரை 401 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். நோய் முற்றும் வரை காத்திராமல் முன்கூட்டியே சிகிச்சை தந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். ஆறு வயதில், முன்கூட்டியே சிகிச்சை பெற்ற கண்களில் விழித்திரை சிதைந்தவை 8.9 சதவீதம், வழக்கமான நேரத்தில் பெற்றவற்றில் 15.2 சதவீதம். அபாயம் மிகுந்த முதல் வகை நோயில், பார்வை மோசமானவை 32.8 சதவீதத்திலிருந்து 25.1 சதவீதமாகக் குறைந்திருந்தன. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறை இந்த ஆய்விலிருந்து வந்ததுதான்.

முன்னேற்றம் பெரிது. ஆனால் அதே இடைவெளி இங்கும் இருக்கிறது. முன்கூட்டியே சிகிச்சை பெற்ற எல்லாக் கண்களையும் சேர்த்துப் பார்த்தால், விழித்திரை சிதைந்தவை 8.9 சதவீதம், பார்வை 6/60 அல்லது அதைவிடக் குறைந்தவை 24.3 சதவீதம். சிகிச்சை முன்னேறியிருக்கிறது, விழித்திரைகள் காப்பாற்றப்படுகின்றன, ஆனாலும் காப்பாற்றப்பட்ட விழித்திரை எல்லாமே நல்ல பார்வையாக மாறிவிடுவதில்லை. இவை மிகக் குறைந்த எடையில் பிறந்த, நோய் கடுமையாக இருந்த குழந்தைகளின் கணக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் இவை பொருந்தாது.

இடைவெளிக்குக் காரணம் என்ன?

காரணங்கள் பல. அவற்றில் சிலவற்றை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. விழித்திரையின் நடுப்புள்ளி முழுமையாக முதிராமல் போயிருக்கலாம். மூளையில் இரத்தக் கசிவோ ஆக்சிஜன் குறைவால் பாதிப்போ ஏற்பட்டிருந்தால், கண் நன்றாக இருந்தும் கண் அனுப்பும் செய்தியை மூளை சரியாக வாசிக்க முடியாமல் போகும்.

ஆனால் மீதிக் காரணங்கள் நம் கைக்கு எட்டுபவை.

முதலாவது, கிட்டப்பார்வை. இ.டி.ராப் ஆய்வில் நோய் கடுமையாக இருந்த கண்களில் பத்தில் ஏறத்தாழ ஏழு, முதல் இரண்டு வயதுக்குள்ளேயே கிட்டப்பார்வை கொண்டிருந்தன. மைனஸ் ஐந்து, மைனஸ் எட்டு என்று பெரியவர்களுக்கே அதிகமான பவர், பேச்சு வராத குழந்தைக்கு வந்துவிடுகிறது. அந்தக் குழந்தைக்குத் தன் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் உலகம் மங்கல்தான். மங்கல் என்பதே அதற்குத் தெரியாது. தெளிவாகப் பார்த்த அனுபவம் இருந்தால்தானே ஒப்பிட முடியும்?

இரண்டாவது, சோம்பேறிக் கண். ஒரு கண்ணில் பவர் கூடுதலாகவோ மாறுகண்ணோ இருந்தால், மூளை தெளிவாகத் தெரியும் கண்ணை மட்டும் பயன்படுத்தி மற்றதை ஒதுக்கிவிடும். பார்க்கப் பழகும் திறன் மூளைக்குச் சிறு வயதிலேயே உருவாகிறது. பள்ளி வயது தாண்டியபின் கண்ணாடி போட்டாலும், ஒதுக்கப்பட்ட கண்ணைத் திருப்பிக் கொண்டுவருவது கடினம். இரண்டு வயதில் கண்டுபிடித்தால், கண்ணாடியும் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்கும் பயிற்சியும் போதும்.

மூன்றாவது, காலம் கடந்து வரும் சிக்கல்கள். கிரையோ ஆய்வின் பிள்ளைகளைப் பதினைந்து வயதில் மீண்டும் பார்த்தபோது, பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில் சிகிச்சை பெற்ற கண்களில் 4.5 சதவீதத்தில் விழித்திரை மடிப்பு, விலகல் போன்ற புதிய கேடுகள் வந்திருந்தன. கண்ணழுத்தம், கண்புரை ஆகியவையும் இவர்களுக்கு மற்றவர்களைவிட முன்னதாக வரக்கூடும். ஆகவே, "குழந்தையாக இருந்தபோது வந்து போன நோய்" என்று இதை மறந்துவிட முடியாது. வளர்ந்தபின் அந்தப் பிள்ளையிடமே சொல்லி வைக்க வேண்டிய விஷயம் இது.

ஊசி போட்ட குழந்தைக்குக் கூடுதல் கவனம்

ஊசி மருந்தின் வரவு ஒரு நல்ல செய்தி. 2011 இல் வெளியான பீட் ராப் ஆய்வில், நோய் திரும்பி வந்த கண்கள் பெவாசிசுமாப் பெற்றவற்றில் 4 சதவீதம், லேசர் பெற்றவற்றில் 22 சதவீதம். அதே குழந்தைகளைப் பின்னர் பார்த்தபோது, விழித்திரையின் நடுவட்டத்தில் நோய் இருந்தவர்களில் மிகக் கடுமையான கிட்டப்பார்வை ஊசி பெற்ற கண்களில் 3.8 சதவீதம், லேசர் பெற்ற கண்களில் 51.4 சதவீதம். ரானிபிசுமாப் மருந்தை லேசரோடு ஒப்பிட்டு 26 நாடுகளில் நடந்த ரெயின்போ ஆய்விலும் ஊசி பெற்றவர்களுக்குக் கடுமையான கிட்டப்பார்வை குறைவாகவே வந்தது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் எல்லாருக்கும் ஊசியே போடலாமே" என்று தோன்றலாம். இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. லேசருக்குப் பின் நோய் திரும்பினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே திரும்பிவிடும். பீட் ராப் ஆய்வில் அது சராசரியாக ஆறு வாரம். ஊசிக்குப் பின் அதுவே சராசரியாக பதினாறு வாரம். அதாவது மருத்துவமனையை விட்டு வந்து, பிள்ளை சிரிக்கத் தொடங்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடே நம்பிக்கொண்டிருக்கும் நான்காவது மாதத்தில் நோய் சத்தமில்லாமல் திரும்பலாம். மறுபரிசோதனைக்கு வர முடியாத குடும்பம் என்று தெரிந்தால் சில மருத்துவர்கள் லேசரையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். ஊசி போட்டிருந்தால், "போதும், இனி இத்தனை அடிக்கடி வர வேண்டாம்" என்று மருத்துவர் வாயால் சொல்லும் வரை ஒரு தேதியையும் தவறவிடக் கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

லேசரோ ஊசியோ முடிந்ததும் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைக் கோப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நிலையில், எந்த வட்டத்தில் நோய் இருந்தது? அடுத்த விழித்திரைப் பரிசோதனை எந்தத் தேதியில்? கண்ணாடிக்கான முதல் பரிசோதனை எப்போது? மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. விழித்திரை ஆறிவிட்டது என்றதும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். சிகிச்சை பெற்ற குழந்தைக்கு முதல் வயது முடிவதற்குள் பவர் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். பள்ளி செல்லும் வயது வரை ஆண்டுதோறும், தேவைப்பட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் தொடர வேண்டும். குழந்தை பேசவோ எழுத்தைப் படிக்கவோ தேவையில்லை. சொட்டு மருந்து விட்டு, கருவியின் ஒளியைக் கண்ணில் பாய்ச்சி மருத்துவரே பவரைக் கண்டுபிடித்துவிடுவார்.

வளர்ச்சியைக் கவனிக்கும்போது வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முன்பாகப் பிறந்த குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்போது, கணக்குக்கு அது மூன்று மாதக் குழந்தை. அந்தத் திருத்திய வயதில் மூன்று மாதமாகியும் தாயின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது, அசையும் பொருளைக் கண் பின்தொடராதது, விழிகள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருப்பது, கண்ணை விரலால் அழுத்திக்கொண்டே இருப்பது, மாறுகண், புகைப்படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே செல்லுங்கள்.

கண்ணாடி விஷயத்தில் நம் வீடுகளில் பெரிய தடை ஊராரின் பேச்சு. "இத்தனை சிறு பிள்ளைக்குக் கண்ணாடியா?" என்று உம்மம்மா வருத்தப்படுவார். பெண் பிள்ளையாக இருந்தால், பின்னாளில் வரப்போகும் சம்பந்தம் வரை பேச்சு நீளும். விருந்தினர் வரும்போது கண்ணாடியைக் கழற்றி வைக்கும் வீடுகளும் உண்டு. கண்ணாடி இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பிள்ளையின் மூளை பார்க்கப் பழகும் காலத்திலிருந்து கழிகிறது என்பதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். தாய் ஒருவர் மட்டும் இதற்காகப் போராடிக்கொண்டிருக்க முடியாது.

பார்வை கிடைக்காவிட்டால்

எல்லாம் சரியாகச் செய்தும் சில குழந்தைகளுக்குப் பார்வை கிடைப்பதில்லை. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அந்தக் குடும்பம் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து பணத்தையும் காலத்தையும் கரைப்பதைவிட, குழந்தையின் மற்றப் புலன்களை வளர்ப்பதில் அந்தக் காலத்தைச் செலவிடுவது நல்லது. தொட்டும் கேட்டும் பொருளை அறிய, தவழ, நடக்க இந்தக் குழந்தைகளுக்குப் பயிற்சி தேவை. அதை முதல் வயதிலேயே தொடங்க வேண்டும். பிறவிக் குறைபாடும் வளர்ச்சிக் குறைபாடும் உள்ள குழந்தைகளுக்காக 2013 இல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் ஆரம்பக்கால இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன, ஆர்.ஓ.பி. அந்தத் திட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. மிச்சமிருக்கும் பார்வை கொஞ்சமேயானாலும், உருப்பெருக்கிக் கண்ணாடியும் பெரிய எழுத்துப் புத்தகமும் அதைப் பயன்படவைக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கத் தயங்க வேண்டாம். கல்வி உதவித்தொகை முதல் வேலைவாய்ப்பு வரை அதைக் கொண்டுதான் பெற முடியும்.

தொலைவும் செலவும் உண்மையான தடைகள் என்பதையும் நாம் அறிவோம். விழித்திரை நிபுணர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். இதற்கு மாற்று வழிகளும் முளைத்திருக்கின்றன. கர்நாடகத்தில் 2008 முதல், பயிற்சி பெற்ற பணியாளர்கள் சிற்றூர் மருத்துவமனைகளுக்கே கேமராவோடு சென்று குழந்தையின் விழித்திரையைப் படமெடுத்து, பெங்களூரு நாராயண நேத்ராலயாவின் மருத்துவர்களுக்கு அனுப்பும் கிட்ராப் திட்டம் நடக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஏதும் உண்டா என்று, பிரசவம் பார்த்த மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

அக்கம்பக்கத்திலோ உறவிலோ குறைமாதத்தில் குழந்தை பிறந்திருந்தால், பார்க்கப் போகும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: "கண் பரிசோதனை முடிந்ததா?" சிகிச்சை முடிந்திருந்தால், "அடுத்த தேதி எப்போது?" என்று கேளுங்கள். வண்டிக்கு ஆளில்லை என்றால் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.